ஏசுரத்தினம் எழுதிய ஐந்து வார்த்தைகள்

அத்தியாயம் ஒன்பது

செத்தவன் எழுதிய கடிதத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு வந்த வேலை. கொலைகாரனைக் கண்டுபிடிக்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அவனை ஏற்கெனவே பிடித்து எஸ்டேட் விறகறையில் கட்டிப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். சாயந்தரம் நான்கு மணிக்குத் தேவிகுளத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வருவார். கடிதத்தைக் கைதிக்குப் புரியும் பாஷையில் படித்துக் காட்டிவிட்டு அழைத்துப் போவார். அதன் பிறகு பிச்சைமணி என்ற அந்தக் கூலிக்காரனுக்குத் தூக்குக் கயிறுதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சைனுதீன் ராவுத்தர் பாலக்காட்டுக் கோர்ட்டில் பதினெட்டு வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஒரு ஜட்ஜ் சாட்சியைத் திட்டியதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொல்லிவிட்டதால் வேலை போயிற்று. இப்போது கடிதம் பெயர்ப்பது வயிற்றுக்கு, துப்புத் துலக்குவது ஆசைக்கு. என் பேர் சென்னிமலை, ஊர் வடகரப்பதி. அவரை வண்டியில் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தவன், மாடு செத்ததும் அவரோடேயே தங்கிவிட்டேன். எனக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. அதனால்தான் என்னை வைத்திருக்கிறாரோ என்னவோ. படித்தவர்கள் என் எதிரில் தாராளமாகப் பேசுவார்கள்.

காந்தலூருக்கு மேலே கரும்பாறை எஸ்டேட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது 1927 ஜூலை பதினாறாம் தேதி காலை பத்து மணிக்கு. வாடகை மட்டக்குதிரை வழியில் இரண்டு இடத்தில் என்னைக் கீழே தள்ளியது. மூன்றாவது இடத்தில் நானே இறங்கிக்கொண்டேன்.

எங்களை வரவேற்றவர் பெரிய கிளார்க் செல்லத்துரை. வெள்ளைக் கோட்டு, நெற்றியில் மெலிதாகத் திருநீறு, வாய் நிறைய மரியாதை. நடந்ததை அவர் சொன்ன விதத்தில் கோர்வை இருந்தது. பாடம் ஒப்பிக்கிற பையனிடம் இருக்கிற கோர்வை.

பிச்சைமணியின் மனைவி குருவம்மாள் ஒரு மாதத்துக்கு முன்னால் எஸ்டேட்டை விட்டு ஓடிப்போனாள். அவளை மலையிறக்கி அனுப்பியது இளைய கிளார்க் ஏசுரத்தினம்தான் என்று பிச்சைமணிக்குச் சந்தேகம். பதின்மூன்றாம் தேதி காலை மஸ்டரில், அதாவது பேர் கூப்பிடுகிற இடத்தில், நூற்றிருபது பேர் பார்க்க ஏசுரத்தினத்தைக் கன்னத்தில் அறைந்தான். மறுநாள் சாயந்தரம் ஏசுரத்தினம் கல்லுக்குழிக்குள் மண்டை உடைந்து கிடந்தான். பக்கத்தில் பிச்சைமணியின் கடப்பாரை. செத்தவன் சட்டைப் பையில் பதினான்காம் தேதியிட்ட இங்கிலீஷ் கடிதம். கேட்டபோது பிச்சைமணியே, அடித்தேன் என்று ஒப்புக்கொண்டான்.

"எதை அடிச்சேன்னு ஒத்துக்கிட்டான்? கன்னத்தையா, மண்டையையா?" என்று ராவுத்தர் கேட்டார்.

அந்த வித்தியாசத்தையெல்லாம் யாரும் கேட்கவில்லை என்று செல்லத்துரை சொன்னார். கேட்பதற்கு முன்னால் காவல்காரர்கள் அவனை இரண்டு மணி நேரம் உதைத்திருந்தார்கள். அதையும் மரியாதையாகவே சொன்னார்.

ராவுத்தர் கடிதத்தைப் பிரித்து, வரி வரியாகத் தமிழில் சொல்லிப் பார்த்தார். சில சொற்களை மட்டும் பெயர்க்காமல் இங்கிலீஷிலேயே விட்டார்.

"நேற்று மஸ்டரில் எல்லோர் முன்னிலையிலும் பிச்சைமணி என்னைக் கன்னத்தில் அறைந்தான். இந்த மலையில் நான் மரூன் செய்யப்பட்டவன். என் நம்பிக்கையின் மாஸ்ட் ஒடிந்துவிட்டது. அணிந்துகொள்ள எனக்கு மெயில் இல்லை. அவன் மேஸினால் என் தலையை மாங்கிள் செய்வான். நான் இறந்தால் அதற்கு அவனே காரணம்."

கையெழுத்து ஏசுரத்தினத்துடையதுதானா என்று கேட்டார். சந்தேகமே இல்லை என்று சொல்லி செல்லத்துரை ஆபீஸ் தாள்கள் நான்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். எனக்கே தெரிந்தது, ஒரே கைதான். குண்டு குண்டாக, பயந்து பயந்து எழுதிய எழுத்து.

ராவுத்தர் அந்த நான்கு தாள்களையும் கீழே வைக்காமல் கடைசி வரை படித்தார். பிறகு ஒன்றை மட்டும் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒத்துப் பார்க்க வேண்டும் என்று காரணம் சொன்னார். செல்லத்துரை அதற்கும் தலையசைத்தார்.

வெளியே வந்ததும் நான் கேட்டேன். "ஏனுங்க, அந்தாளு எழுதுனதுல பாதி எனக்குப் புரியலைங்க. பொயில போட்டுட்டு எழுதுன மாதிரி இருக்குது."

"எனக்கே முதல்ல புரியல. மேஸ்னா பீமன் கையில இருக்குமே, கதை, அது. மெயில்னா அந்தக் காலத்துல சண்டைக்குப் போறவன் போட்டுக்கற இரும்பு வலைச் சட்டை. மாஸ்ட்னா கப்பலோட பாய்மரக் கம்பம். மரூன்னா ஒருத்தனை ஆளில்லாத தீவுல இறக்கிவிட்டுட்டுக் கப்பல் போயிடறது. மாங்கிள்னா கொத்திக் குதறிச் சிதைக்கறது."

"எஸ்டேட் கூலிக்காரனுக்குக் கதாயுதம் எங்கிருந்துங்க வந்துது? அதும் மலை உச்சியில கப்பலு."

"அதைத்தான் நானும் கேக்கறேன். உயிருக்குப் பயந்தவன் கடப்பாரைன்னு எழுதுவான், தடின்னு எழுதுவான். இவன் நகை போட்டுக்கிட்ட மாதிரி எழுதியிருக்கான்."

ஏசுரத்தினத்தின் வீடு, கூலிகளின் வரிசையான லைன் வீடுகளுக்குக் கடைசியில் இருந்தது. ஓர் அறை, ஓர் அடுப்பு, சுவரில் மாதாப் படம். அவன் மனைவி சிசிலிக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். எட்டையபுரத்துப் பக்கம் ஊர். புருஷனைப் புதைத்து ஒரு நாள் ஆகியிருந்தது. வீட்டை ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம், வேறு கிளார்க் வருகிறாராம். அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் வேறு ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா என்று ராவுத்தர் கேட்டதும், சாக்கிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அந்த நோட்டைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏசுரத்தினம் எட்டாவது வரை படித்தவன். பாதிரியார் ஒருவர் கொடுத்த அட்டை இல்லாத டிக்ஷனரி ஒன்று அவனிடம் இருந்தது. அதில் ஒன்றுக்கு மேல் அர்த்தம் உள்ள வார்த்தைகளை மட்டும் பொறுக்கி, நாளைக்கு ஐந்து என்று, ஏ எழுத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே தேதி. கீழே ஐந்து வார்த்தைகள், ஒவ்வொன்றின் அர்த்தங்கள், அது எங்கிருந்து வந்தது, பிறகு தன் வாழ்க்கையிலிருந்தே ஒரு சின்ன உதாரண வாக்கியம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை. அன்றன்று படித்த வார்த்தைகளை அன்றன்றே ஏதாவது ஒரு தாளில் எழுதிவிட வேண்டும் என்று அவன் தனக்கே ஒரு சட்டம் போட்டிருந்தான். எழுதியானதும் வார்த்தைக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவைக் குறி.

"அவியளுக்கு அதுதாங்க பைத்தியம்" என்றாள் சிசிலி. "காலையில மூஞ்சி கழுவையிலயே ஆரம்பிச்சுருவாவ. அஞ்சையும் எங்கிட்ட பத்து வாட்டி சொல்லுவாவ. எனக்கு ஒரு எழவும் தெரியாது, இருந்தாலும் காதுல ஏறிப்போச்சு."

ராவுத்தர் கடைசிப் பக்கத்துக்குப் போனார். பதின்மூன்றாம் தேதி இருந்தது. பதினான்காம் தேதி இல்லை. தையலை ஒட்டி ஒரு தாள் கிழிக்கப்பட்டிருந்தது.

யார் கிழித்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் நேற்று அடக்கம் முடிந்து வந்த கையோடு பெரிய கிளார்க் துக்கம் விசாரிக்க வந்தார். குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவளை வெளியே அனுப்பினார். அவள் திரும்பி வந்தபோது நோட்டு அவர் கையில் இருந்தது. ஏசுரத்தினத்துக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த குரு அவர்தான், அதனால் அவளுக்கு அது தவறாகத் தெரியவில்லை. கண் கலங்கினார் என்றுகூடச் சொன்னாள்.

"கலங்காம என்ன பண்ணுவாரு, ஒரு நோட்டுல ஒரே ஒரு தாளைத்தான் கிழிக்க முடிஞ்சுதுன்னு வருத்தமா இருந்திருக்கும்" என்று நான் முணுமுணுத்தேன். ராவுத்தர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் வெகு நேரம் நின்றார். அதில் என்ன இருந்தது என்று அப்போது எனக்குச் சொல்லவில்லை, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மேலே புரட்டினார். ஜூன் இருபத்து நான்கில் வந்து நின்று, விரலை வைத்தார்.

பிறகு அவர் செய்த காரியத்துக்காக எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. புருஷன் செத்து இரண்டு நாள் ஆன பெண் எதிரில், செத்தவன் சட்டைப் பையிலிருந்த அந்தக் கடிதத்தை இங்கிலீஷில் அப்படியே சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். அவளுக்குப் புரியாது என்று நான் நினைத்தேன். அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள் மூன்றாவது வரியில் தலை நிமிர்ந்தாள்.

"மேஸ், மெயில், மாங்கிள், மரூன், மாஸ்ட்" என்றாள். வாய்ப்பாடு சொல்வது போல வந்தது.

"எப்பம்மா படிச்சார் இதை?"

"ஸ்நாபக அருளப்பர் திருநாளன்னிக்கி, ஜூன் இருபத்து நாலு. அன்னிக்கி நான் பாயாசம் வச்சேன், அதான் மறக்கல. மேஸ்னா ஒண்ணு ஜாதிபத்திரி, இன்னொண்ணு சண்டைக் கட்டை, ரெண்டும் வேற வேற தேசத்துலேர்ந்து வந்து ஒரே பேரு வச்சுக்கிச்சுன்னு சொல்லிச் சிரிச்சாவ. அன்னிக்கிச் சாயந்தரம் ரொம்பச் சந்தோசமா வந்தாவ. பெரிய கிளார்க்கு அய்யா ஒரு காம்போசிஷன் குடுத்தாவளாம். சாகப்போறவன் எழுதுற கடுதாசி மாதிரி எழுதிக் காட்டுன்னு. அஞ்சு வார்த்தயும் அதுலயே போட்டுட்டேன் சிசிலி, பத்துக்கு ஒம்பது மார்க்குன்னு..."

அங்கே நின்றுவிட்டாள். கடிதத்தையும் ராவுத்தரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்தத் தாளாய்யா அது?"

ராவுத்தர் கடிதத்தை மடித்தார். ஒரு மனிதனைக் கொண்டே அவன் சாவுக்குச் சாட்சி எழுதி வாங்கி, அதற்கு மார்க்கும் போட்டு, அவனைச் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அந்த ஒன்பது மார்க்கை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

ராவுத்தர் அவளை அழவிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். கூலிக்காரன் பெயரை எதற்காக எழுதினான்? அதையும் குருவே சொல்லிக் கொடுத்திருக்கிறார். யார் பேரையாவது போட வேண்டும், பிச்சைமணி பேரைப் போடு, அவன் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அதட்டாதவன், அவனைப் பற்றி எழுதினால் கற்பனை என்று யாருக்கும் தெரியும் என்றாராம். மஸ்டரில் அறைந்தான் என்ற கதையும் அவர் கொடுத்ததுதான். தேதி போட வேண்டாம், பயிற்சிக்கு எதற்குத் தேதி என்றும் சொன்னாராம்.

"அவர் எதுக்கும்மா இவ்வளவு அவசரமா இங்கிலீஷ் படிச்சார்?"

"ஒரு பெட்டிஷன் எழுதணும்னு சொன்னாவ. தேவிகுளம் மேஜிஸ்ட்ரேட்டுக்கு. என்னத்தப் பத்தின்னு எங்கிட்ட சொல்லல, நீ பயந்துருவேன்னுட்டாவ. அய்யாகிட்ட மட்டும் சொன்னாவ. இங்கிலீஷ் சரியில்லாத பெட்டிஷன தொரைமாரு குப்பையில போட்டுருவாங்க, மொதல்ல நல்லாப் படி, ஒரு மாசம் போகட்டும், நானே திருத்தித் தாரேன்னு அய்யா சொன்னாவளாம்."

ராவுத்தர் எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி, ஒரு கேள்விதான் பாக்கி என்றார். பதினான்காம் தேதி காலையில் அவர் சொன்ன ஐந்து வார்த்தைகள் அவளுக்கு நினைவிருக்கிறதா?

சிசிலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடிச் சொன்னாள். "குவாக், குவெயில், குவாரி, குவார்ட்டர், குவிக். குவாரின்னா ஒண்ணு கல்லுக்குழி. சதுரமா வெட்டுன கல்லுங்கறதுலேர்ந்து வந்துச்சு. இன்னொண்ணு வேட்டையில தொரத்துற மிருகம். அது தோலுங்கற பேர்லேர்ந்து வந்துச்சாம், கொன்ன மிருகத்தோட தோல விரிச்சு அதுமேல நாய்களுக்குக் குடலப் போடுவாங்களாம். எனக்குக் குமட்டிருச்சு, காலங்காத்தால இதென்ன பேச்சுன்னேன். அப்ப எனக்காக நல்ல உதாரணமா ஒண்ணு எழுதுனாவ."

"என்ன உதாரணம்?"

"அய்யா என்னை இன்று ஐந்து மணிக்குக் குவாரிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அதான் எழுதுனாவ, எனக்குத் தமிழ்லயும் சொன்னாவ."

கிழித்த பக்கம் இத்தனை நேரமும் அவள் காதுக்குள் இருந்திருக்கிறது. அதைக் கிழிக்க வந்தவர் அவளைத்தான் தண்ணீர் கொண்டுவர அனுப்பினார்.

எஸ்டேட்டை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்கு நாங்கள் போனபோது மணி மூன்று. சிசிலியும் கூட வந்தாள். துரை மேசையில் காலை நீட்டிப் பைப் புகைத்துக்கொண்டிருந்தார். பெயர்த்து முடித்தாயிற்றா என்று கேட்டார். செல்லத்துரை பின்னால் கையைக் கட்டி நின்றார்.

ராவுத்தர் இங்கிலீஷில் பேசியதை எனக்குப் பிறகு சொன்னார், ஆனால் பார்த்தே பாதி புரிந்தது. முதலில் நோட்டை வைத்து அந்த ஐந்து வார்த்தைச் சட்டத்தை விளக்கினார். பிறகு பைக்குள் மடித்து வைத்திருந்த ஆபீஸ் தாளை எடுத்து மேசையில் வைத்தார். பதினான்காம் தேதி காலை உடுமலைப்பேட்டைக்குச் சுண்ணாம்பு கேட்டு ஏசுரத்தினம் எழுதிய கடிதத்தின் நகல். செல்லத்துரையே எடுத்துக் கொடுத்தது. அதில் குவார்ட்டரும் குவிக்கும் இருந்தன, சுண்ணாம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு குவெயிலும், அதாவது காடையும், இருந்தது. பதினான்காம் தேதி அவன் எழுதினால் கியூ எழுத்தில்தான் எழுதுவான். எம் எழுத்தில் ஐந்து வார்த்தைகளும் வரிசையாக இருக்கிற கடிதம் ஜூன் இருபத்து நான்கில் எழுதியது. தேதியை மட்டும் வேறு யாரோ பிறகு போட்டிருக்கிறார்கள். சிசிலி சொன்ன காம்போசிஷன் கதையையும், ஐந்து மணிக்குக் குவாரிக்கு வரச் சொன்னதையும் கடைசியாகச் சொன்னார்.

துரை காலைக் கீழே இறக்கினார்.

செல்லத்துரைக்கு வியர்க்கவில்லை, அந்த மனிதனைப் பாராட்டத்தான் வேண்டும். இருக்கலாம் என்றார் அவர். ஏசுரத்தினம் ஒரு வார்த்தைப் பைத்தியம், பழைய வார்த்தையை மறுபடி உபயோகித்திருக்கலாம். அல்லது ஜூன் மாதத்திலேயே பிச்சைமணிக்குப் பயந்து எழுதி வைத்திருக்கலாம். எப்போது எழுதினால் என்ன, பயந்தது உண்மைதானே. அந்தப் பெண்ணின் பேச்சு துக்கத்தில் வருகிற பிதற்றல்.

துரை தலையசைத்தார். அவருக்கு அறுப்புக் காலத்தில் பெரிய கிளார்க் வேண்டும். ஒரு கூலியைத் தூக்கில் போட்டு முடிந்துவிடுகிற காரியத்தை இழுக்க அவருக்கு விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான்கு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்துவிடுவார்.

"சரி, ஜூன்ல எழுதினதாவே வச்சுக்கலாம்" என்றார் ராவுத்தர், இம்முறை தமிழில், செல்லத்துரையைப் பார்த்து. "பெரிய கிளார்க்கே ஒத்துக்கிட்டார். முதல் வரியை நீங்களே படிங்க."

செல்லத்துரை கடிதத்தை வாங்கினார். படிக்கவில்லை.

"நேற்று மஸ்டரில் பிச்சைமணி என்னை அறைந்தான்னு இருக்கு. பிச்சைமணி அறைஞ்சது ஜூலை பதின்மூணு. நூத்திருபது பேர் சாட்சி. அறை விழறதுக்கு இருபது நாள் முன்னாடியே அறை விழுந்ததுன்னு ஏசுரத்தினம் எப்படி எழுதினான்? அது அவனுக்குத் தெரியாது. யார் சொல்லிக் கொடுத்து எழுதவச்சாரோ அவருக்குத்தான் தெரியும், எப்ப யாரைத் தூண்டிவிடணும்னு."

ராவுத்தர் இதையே இங்கிலீஷில் துரைக்குச் சொன்னார். துரை பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பிச்சைமணியைக் கொண்டுவரச் சொன்னார்.

இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்தார்கள். ஒரு கண் திறக்கவில்லை. வலது கை விரல்கள் வீங்கிச் சேர்ந்திருந்தன. நாற்பது வயதுக்காரன், அறுபது வயதாகத் தெரிந்தான். ஏசுரத்தினம் உன் மனைவியை அனுப்பி வைத்ததாக உனக்கு யார் சொன்னது என்று ராவுத்தர் கேட்டார்.

"பெரிய கிளார்க்கு அய்யாதான் சாமி. பதிமூணாந் தேதி விடிகாலையில கூப்புட்டுச் சொன்னாரு. ஆம்பளயா இருந்தா எல்லாரும் பாக்க மஸ்டர்லயே கேளுன்னாரு. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. அடிச்சேன். அடிச்சப்பறம் அந்தப் புள்ள திருப்பி அடிக்கல சாமி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கன்னு மட்டும் சொல்லுச்சு."

செல்லத்துரை கதவைப் பார்த்தார். கதவில் நான் நின்றிருந்தேன். வண்டிமாட்டை இருபது வருஷம் பிடித்த கை என்னுடையது. அவர் அதிகம் சிரமம் கொடுக்கவில்லை, ஒரு பித்தான் மட்டும் தெறித்தது. "இங்கிலீஷ் படிச்சவங்க ஓடப்படாதுங்க, பாக்க நல்லாருக்காது" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

செல்லத்துரையைக் கட்டிப்போட்டு, பிச்சைமணியின் கட்டை அவிழ்த்தார்கள். அவனுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. நீ கொலை செய்யவில்லை என்று தெரிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று ராவுத்தர் இரண்டு தடவை சொன்னார். அவன் அதைக் காதில் வாங்கவில்லை.

"அப்ப என் பொஞ்சாதிய யாரு சாமி கூட்டிட்டுப் போனது?"

ராவுத்தர் நோட்டைத் திறந்தார். அவர் அன்று காலையில் வெகு நேரம் நின்ற பக்கம். ஜூலை ஆறாம் தேதி, பினியன் என்று ஒரு வார்த்தை. பறவையின் இறக்கை ஒரு அர்த்தம், பல்சக்கரம் இன்னொன்று. பறக்க முடியாதபடி இறக்கையைக் கட்டுவதிலிருந்து வந்த மூன்றாவது அர்த்தம், ஒரு ஆளின் கைகளைப் பின்னால் கட்டுவது. அதற்கு ஏசுரத்தினம் எழுதியிருந்த உதாரணத்தை அவர் தமிழில் படித்தார். குரல் கோர்ட்டில் படிக்கிற குரலாக இருந்தது, அப்படிப் படித்தால்தான் முடியும் போலிருக்கிறது.

"கேட்காமல் மலையிறங்கப் பார்த்தாள் என்று குருவம்மாளைக் கல்லுக்குழிச் சவுக்கு மரத்தில் கைகளைப் பினியன் செய்திருந்தார்கள். இரவு முழுவதும் மழை. அவிழ்த்துவிடச் சொல்லுகிறேன் என்று அய்யா சொன்னார். காலையில் போய்ப் பார்த்தபோது மரத்தில் கயிறு மட்டும் இருந்தது. ஓடிப்போனாள் என்று பேரேட்டில் எழுதச் சொன்னார்கள்."

துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிசிலி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். புருஷன் இந்த ஒரு மாதமாக எந்தப் பெட்டிஷனுக்காக வார்த்தைகள் சேர்த்தான் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. தப்பும் தவறுமாக இரண்டு வரி எழுதி அன்றே தபாலில் போட்டிருந்தால் அவன் இன்று உயிரோடு இருந்திருப்பான், இதோ இந்தப் பிச்சைமணியின் விரல்களும் தப்பியிருக்கும்.

பிச்சைமணியின் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அந்த வீங்கின முகம் மெல்லத் தெளிந்தது. திறந்திருந்த ஒரு கண்ணில் சந்தோஷம் வந்தது.

"அப்ப அவ என்ன விட்டுட்டு ஓடல" என்றான். "அவுத்துக்கிட்டுப் போயிருப்பா சாமி. கெட்டிக்காரி. கயிறு மட்டும் இருந்துச்சுன்னு எழுதிருக்கே. மறையூர்ல அவ ஆத்தா ஊட்டுல இருப்பா. நாந்தான் போய்த் தேடாம, ஒரு மாசமா அவளக் கண்டபடி ஏசிக்கிட்டுக் கெடந்தேன்."

ராவுத்தர் என்னைப் பார்த்தார். கோர்ட்டில் யார் வாய்ச் சொல்லையும் பதினெட்டு வருஷம் தயங்காமல் பெயர்த்த மனிதர், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் நின்றார். நான் சொல்லியிருக்கலாம்.

சொல்ல அவசியம் இருக்கவில்லை. பிச்சைமணி எழுந்து இரண்டடி வைத்தவன் நின்றான். கட்டப்பட்டிருந்த செல்லத்துரையைப் பார்த்தான். எதையோ நாளெண்ணிப் பார்க்கிறவன் போல உதடு அசைந்தது.

"அவ போன மறுநாள் காலையிலதான் என்ன அந்தக் கல்லுக்குழி வேலைக்கு மாத்துனீக" என்றான். கோபமே இல்லாமல் கேட்டான். "சவுக்கு மரத்தடியில மண்ணு எளகியிருக்கு, கல்லக் கொட்டி மூடுன்னீக. பத்து நாளு சொமந்து கொட்டுனேன்."

செல்லத்துரை தரையைப் பார்த்தார்.

பிச்சைமணி யாரிடமும் எதுவும் கேட்காமல் வெளியே நடந்தான். அவனைத் தாங்கி வந்தவர்கள் தடுக்கவில்லை. நாங்கள் பின்னால் போனபோது மழை பிடித்திருந்தது. கல்லுக்குழிச் சவுக்கு மரத்தடியில் இடுப்புயரத்துக்கு ஒரு கற்குவியல் இருந்தது, ஒழுங்காக, ஒன்றின்மேல் ஒன்று பொருந்த அடுக்கியது. நல்ல வேலைக்காரன் அடுக்கியது என்று பார்த்த உடனே தெரியும். அவன் மண்டியிட்டு, உடைந்த விரல்களை விட்டுவிட்டு இடது கையால் மேல் கல்லைத் தள்ளினான். நான் உதவிக்குக் குனிந்தேன். அவன் என் கையைத் தட்டிவிட்டான்.